எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்

நார்த் ஷீல்ட்ஸில்
மரண விசாரணை மன்றத்தில் தட்டச்சு என் வேலை.
யார் எது சொன்னாலும் சொன்னபடி.
திருத்தக் கூடாது.
இரக்கப்படவும் கூடாது,
அதை யாரும் எழுதித் தரவில்லை என்றாலும்.

பிப்ரவரி பதினொன்று, இரவு பத்தேகால்.
ஹெட்லி ஸ்டோக்கோ, வயது ஐம்பத்தெட்டு,
கரையோரப் பேருந்தின் ஓட்டுநர்,
மீன்துறை மேடையின் விளிம்புவரை போனார்.
அப்புறம் தண்ணீர்.
போனார் என்பதில் எவருக்கும் தகராறில்லை.
எப்படிப் போனார் என்பதற்குத்தான்
ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

வறுவல் கடைப் பெண் கார்லீன்
'ஸ்டாகர்' என்றாள்.
கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கமாம்.
காப்பீட்டுக்காரரின் பேனா விழித்துக்கொண்டது.
அந்தச் சொல்லின் வாயைத் திறந்தால்
பீர் வாடை அடிக்கும்.
குடித்து விழுந்தவருக்குப் பணம் கிடையாது.
மூன்று நாள் கடலில் ஊறிய ரத்தமோ
எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

தூண்டில்காரர் டர்ன்புல் மறுத்தார்:
இல்லையில்லை, 'ஸ்டம்பிள்'.
தள்ளாட்டம் ஆளுக்குள்ளிருந்து வரும்.
இடறல் தரையிலிருந்து வரும்.
தரை நகராட்சியுடையது.
நகராட்சி வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பெயர்ந்த கல் ஒன்றின் புகைப்படம்
கை மாறிக் கை மாறி என் மேசைக்கு வந்தது.
சாதாரணக் கல். அரை அங்குலம் தூக்கியிருந்தது.

மிஸ் ஆர்க்ரைட் நாயோடு போனவர்.
நாயின் பெயரையும் பதிவு செய்யச் சொன்னார், செய்தேன்.
அவர் பார்த்தது 'ஸ்ட்ரோல்'.
கோட்டுப் பைக்குள் கை,
காற்று வாங்கப் போகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல்.
நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார்.
விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்படி நடப்பவருக்கு விளிம்பு தெரிந்திருக்கும்.
தெரிந்தும் நடந்திருந்தால்"
என்று நிறுத்தினார்.
நான் ஒரு கோடு போட்டேன், நீளமாக.
காப்பீடு எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கேமரா நான்கு வினாடிக்கு ஒரு படம் எடுக்கும்.
விளக்குக் கம்பத்தருகே ஹெட்லி.
கயிறு கட்டும் தூணருகே ஹெட்லி.
தூண்.
வினைச்சொல்லே இல்லாத சாட்சி அது ஒன்றுதான்.

கடைசியாகத் தங்கை, வின்னி.
அண்ணன் எப்படி நடப்பார் என்று கேட்டார்கள்.
"ஹிர்ப்பிள்" என்றார்.
அதிகாரி தெற்கே, சர்ரே பக்கத்துக்காரர்.
"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."
ஒவ்வொன்றாகச் சொன்னார்,
சில்லறை எண்ணி வைப்பதுபோல.

எட்டு வயதில் இடுப்பு முறிந்ததாம்.
ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது,
இறங்கினால்தான் தெரியும்.
நொண்டுவது வேறு, விந்துவது வேறு, இது வேறு.
வலியை முன்னால் நடக்கவிட்டு
அது நிற்கும்போது நின்று, பின்னாலேயே போவது.
"முதுகுப்பக்கம் பார்த்தால் குடித்தவர் மாதிரி இருக்கும்.
பக்கவாட்டில் இடறுகிற மாதிரி.
தூரத்தில் உலாவுகிற மாதிரி.
இவர்கள் மூவரும் பொய் சொல்லவில்லை,
அந்தச் சொல் அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்."

கார்லீன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தாள்.

"அந்தக் கடைசி அடி?" என்றார் அதிகாரி.
"அது எனக்குத் தெரியாது," என்றார் வின்னி.
அதற்கு அவர் வீட்டிலும் சொல் இல்லை.

தீர்ப்பு: முடிவு செய்ய இயலவில்லை.
காப்பீட்டுக்காரர் போனார்.
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் படியைச் சரிபார்த்தேன்.
ஹிர்ப்பிளுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு.
'பர்ப்பிள்' என்று சொல்ல வந்தீர்களா என்றது கணினி.
இல்லை.
'ரிப்பிள்'?
கல் விழுந்த தண்ணீரில் விரியுமே, அந்த வளையம்.
கொஞ்ச நேரம் அம்புக்குறி அதன்மேல் நின்றது.
திருத்தக் கூடாது.
அகராதியில் சேர் என்பதை அழுத்தினேன்.
கோடு போயிற்று.